சாண்டோ நாற்காலிக்குப் புதுக் கயிறு

வேலைக்கு வந்தது ஒற்றை நாற்காலி. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ரெனே எர்ப்ஸ்ட் 1928-29 வாக்கில் வடிவமைத்த சாண்டோ நாற்காலி. வளைத்த எஃகுக் குழாயில் ஒரு சட்டம், அதுதான் முழு உடம்பு. உட்காரும் இடத்தில் பலகை கிடையாது, மெத்தை கிடையாது, பிரம்பும் கிடையாது. ஒரு பக்கக் குழாயிலிருந்து எதிர்ப்பக்கக் குழாய்க்கு வரிசையாக எலாஸ்டிக் கயிறுகள். முதுகு சாய்வதற்கும் அதே ஏற்பாடு. கயிற்றின் இரண்டு முனையிலும் கொக்கி, கொக்கி போய் மாட்டக் குழாயில் ஓட்டைகள். இந்த மாதிரிக் கயிற்றைப் பிரான்ஸில் சாண்டோ என்றுதான் சொல்வார்கள். பழைய பயில்வான் யூஜின் சாண்டோ பேரில் வந்தது. நம்ம சின்னப்பா தேவர் பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டதும் அதே ஆள்தான்.

பட்டறைக்கு வந்தபோது உட்காரும் பக்கத்துக் கயிறுகளில் பாதிக்கு மேல் இல்லை. மிச்சம் இருந்தவை தொட்டாலே உதிர்ந்தன. ரப்பர் இழைகள் காய்ந்து, மேலே சுற்றிய நூல் பின்னல் மட்டும் தோலுரித்த பாம்புச் சட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் யாரோ புண்ணியவான் சைக்கிள் கேரியரில் சாமான் கட்டும் பளபளப்பான நைலான் கயிறுகளை மாட்டி வைத்திருந்தார். அதன் பெரிய கொக்கி ஓட்டையில் நுழையாததால் குழாயையே சுற்றிக் கட்டியிருந்தார். கட்டிய இடமெல்லாம் முலாம் உரசித் தேய்ந்து, கீழே இருக்கும் எஃகு கறுப்பாகத் தெரிந்தது.

நாற்காலியின் சொந்தக்காரர் வயதான அம்மா. பாட்டி வீட்டிலிருந்து வந்த சொத்து. எழுதும் மேஜைக்கு முன்னால் போட்டு உட்கார வேண்டும், அதுதான் அவர் கேட்டது. கூடவே இன்னொன்றும் சொன்னார். பழம்பொருள் விற்பவர் ஒருவர் பார்த்துவிட்டு, "முழுக்கப் புது குரோம் போட்டுவிடுங்கள், விலை ஏறும்" என்றாராம். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த நாற்காலியில் கயிறு தேய்ந்து போகும் பாகம், மாற்றத்தான் வேண்டும். பூச்சில் மட்டும் கை வைக்கக் கூடாது. வாங்குகிறவர்களில் பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். செத்துப்போன ரப்பரைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, குழாயைப் புத்தம் புதிதாக மினுக்கிவிடுகிறார்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், எர்ப்ஸ்ட் போன்றவர்கள் அந்த நாளில் என்ன செய்யப் பார்த்தார்கள் என்பதை யோசிக்க வேண்டும். 1925 பாரிஸ் கண்காட்சியில் பார்த்த அறைகலன்களில் கருங்காலி, தந்தம், சுறாத்தோல் எல்லாம் இருந்தன. செய்ய ஒரு கைதேர்ந்த தச்சர், வாங்க ஒரு கோடீஸ்வரர் தேவை. அதற்கு எதிராக ஒரு கூட்டம் கிளம்பியது. 1928இல் அலங்காரக் கலைஞர்கள் சங்கத்தின் கண்காட்சியில் எர்ப்ஸ்ட், ஷார்லொத் பெரியாண்ட், ஜோ-பூர்ஷுவா மூவரும் பக்கத்துப் பக்கத்தில் அறைகளை அமைத்து, குழாயும் கண்ணாடியுமாகக் காட்டினார்கள். அடுத்த வருடம் சங்கத்தோடு முட்டிக்கொண்டது. 1929 மே மாதத்தில் வெளியே வந்து யு.ஏ.எம். என்ற நவீன கலைஞர் ஒன்றியத்தைத் தொடங்கினார்கள். எர்ப்ஸ்ட், பெரியாண்ட், மாலே-ஸ்டீவன்ஸ், பிரான்சிஸ் ஜூர்தேன், எலேன் ஆன்ரி, ஐலீன் கிரே, ழான் ப்ரூவே என்று பெரிய பட்டாளம். முதல் கண்காட்சி 1930இல் பாரிஸின் மார்சான் மண்டபத்தில் நடந்தது. ஆலையில் செய்யலாம், ஒரே மாதிரி நிறையச் செய்யலாம், பாகம் போனால் வேறு பாகம் போடலாம் என்பது அவர்கள் எண்ணம். எர்ப்ஸ்ட் கடை முகப்புக் காட்சிகள் அமைத்துப் பழகியவர், கடையில் கிடைக்கும் சாதாரணப் பொருளைப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. முதல் உலகப் போர்க்கால விமானங்களின் சக்கரத் தாங்கிகளில் அதிர்ச்சி வாங்க இதே எலாஸ்டிக் கயிற்றைத்தான் சுற்றியிருப்பார்கள். அதை எடுத்து நாற்காலியில் மாட்டிவிட்டார்.

ஆலையில் நிறையச் செய்யும் ஆசை பெரும்பாலும் ஆசையாகவே நின்றது என்பது வேறு விஷயம். வாங்கியவர்கள் திரும்பவும் பணக்காரர்கள்தான். இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் தன் மாணிக் பாக் அரண்மனைக்கு இந்தத் தலைமுறைக்காரர்களின் அறைகலன்களை வாங்கிக் குவித்தார். அவை 1980இல் மொனாகோவில் ஏலத்துக்கு வந்தன. ஐலீன் கிரே செய்த டிராகன் நாற்காலி ஒன்று 2009இல் பாரிஸ் ஏலத்தில் கிட்டத்தட்ட 2.2 கோடி யூரோவுக்குப் போனது. நல்லவேளை, அது என் பட்டறைக்கு வரவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கையில் இருப்பது எந்தக் காலத்துச் சரக்கு என்று பார்க்க வேண்டும். எர்ப்ஸ்டின் நாற்காலிகளைப் பிற்காலத்தில் ஃபோர்ம் நூவேல் நிறுவனம் மறுபடி தயாரித்தது. அவை நேர்மையான நாற்காலிகள்தான், ஆனால் கையாளும் முறை வேறு. அதில் கீறல் விழுந்தால் நான் இவ்வளவு பதற மாட்டேன். இவை போக, விற்பதற்காகவே பழசு பண்ணப்பட்டவையும் சந்தையில் உண்டு.

வெள்ளைத் தாளை விரித்து, பகல் வெளிச்சத்தில் குழாயையும் பக்கத்தில் ஒரு குரோம் குழாய்த் துண்டையும் வைத்தேன். குரோம் நீலச் சாயலில் குளிர்ச்சியாகத் தெரியும். நிக்கல் லேசான மஞ்சள் வாட்டத்தில் இருக்கும். நம் நாற்காலி நிக்கல். குரோம் முலாம் 1920களின் நடுவில்தான் ஆலைகளுக்கு வந்தது. அதற்கு முன்னாலும் சில வருடம் பின்னாலும் அறைகலனில் நிக்கல்தான் அதிகம். இது மட்டும் போதாது, நிக்கல் யாரும் எப்போதும் போடலாம். அதனால் அடுத்து ஓட்டைகள். ஓட்டை விளிம்பில் முலாம் உள்ளே திரும்பி இறங்கியிருந்தது. அப்படியென்றால் துளைத்த பிறகுதான் முலாம் பூசியிருக்கிறார்கள். உட்காரும் பக்கத்து ஓட்டைகள் வட்டமாக இல்லை. கொக்கி இழுக்கும் திசையில் லேசாக நீண்டு, அந்த ஓரத்தில் மட்டும் முலாம் தேய்ந்து எஃகு பளபளத்தது. முதுகுப் பக்கத்தில் அதே ஓட்டைகள் கிட்டத்தட்ட வட்டம். உட்கார்ந்து எழுந்து தேய்ந்தால் இப்படித்தான் வரும். துரப்பணத்தை ஆட்டிப் போலித் தேய்மானம் செய்தவர் முதுகையும் சேர்த்து ஆட்டியிருப்பார்.

இணைப்புகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கேஸ் வெல்டிங், மேலே அரத்தால் இழைத்து மழுப்பியது. ஆர்கான் வெல்டிங்கின் அடுக்கடுக்கான சின்னச் செதில் தெரிந்திருந்தால் கதை வேறு, அந்த முறை 1940களில் வந்தது. கொக்கி ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை விட்டு உள்ளேயும் பார்த்தோம். சீரான காவித் துரு, நெடுக ஒரே மாதிரி. ஆணித்தரமாக 'எர்ப்ஸ்ட் காலத்ததுதான்' என்று எழுதிக்கொடுப்பது நிபுணர்கள் வேலை, என் வேலை இல்லை. ஆனால் அப்படி நினைத்துத்தான் இதைத் தொட வேண்டும் என்று முடிவு செய்ய இவ்வளவு போதும்.

முலாம் பற்றி அந்த அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். மறுபடி முலாம் போட வேண்டுமென்றால் முதலில் பழையதை அமிலத்தில் கழற்றுவார்கள். அப்புறம் துருக்குழி போகும்வரை சக்கரத்தில் மெருகேற்றுவார்கள். குழாயின் கனம் குறையும், ஓட்டை விளிம்பு மழுங்கும், நான் மேலே சொன்ன அத்தனை சாட்சியும் போய்விடும். இது எந்தக் குழாய் நாற்காலிக்கும் பொருந்தும். இந்த நாற்காலிக்கென்று தனியாக ஒரு ஆபத்து இருக்கிறது. குழாய் முழுக்க ஓட்டை. முலாம் தொட்டியில் முக்கினால் அமிலமும் உப்புக் கரைசலும் உள்ளே போகும். எத்தனை கழுவினாலும் வளைவுகளில் கொஞ்சம் தங்கும். ஆறு மாதம் கழித்துப் புது முலாமுக்கு அடியிலிருந்து ஓட்டை வழியாகப் பழுப்பு நீர் ஒழுகும். போதாக்குறைக்கு, குரோம் முலாமுக்கு அந்த நாளில் பயன்பட்ட, உடம்புக்குக் கெடுதலான ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு ஐரோப்பாவில் 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு தனி அனுமதி வேண்டும். இப்போது பல இடங்களில் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம், நிறம் கொஞ்சம் இருண்டு வரும். நிக்கல் நாற்காலிக்கு அந்த நிறத்தில் குரோம் போட்டால் எந்தக் காலத்துக்கும் சொந்தமில்லாத பொருளாகிவிடும். அந்த அம்மா கேட்டுவிட்டு, "அப்ப துரு அப்படியே இருக்குமா?" என்றார். கறை இருக்கும், மேற்கொண்டு பரவாது என்றேன். ஒத்துக்கொண்டார்.

சுத்தம் செய்வதில்தான் பொறுமை வேண்டும். நிக்கல் முலாமில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அவற்றின் வழியாக ஈரம் இறங்கி, மேலே ஊசிமுனை அளவுக்குத் துருப்புள்ளி வரும். இரும்பு நார், உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கும் பஞ்சு எதுவும் கிட்ட வரக் கூடாது. அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வித்தை குரோமுக்கு நன்றாக வேலை செய்கிறது. நிக்கல் குரோமை விட மிருதுவானது, அதனால் அதையும் நான் இங்கே செய்வதில்லை. மெல்லிய எண்ணெயைத் தடவி ஒரு இரவு விட்டேன். மறுநாள் மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, ஒவ்வொரு புள்ளியாகச் சுரண்டி, பருத்தித் துணியால் துடைத்தேன். மூங்கில் துருவை எடுக்கும், நிக்கலைக் கீறாது. குழாயின் உள்வளைவில் ரப்பர் காலம் காலமாகப் படிந்திருந்த இடங்களில் ஒரு கறுப்புக் கறை. வல்கனைஸ் செய்த, அதாவது பதப்படுத்தி உறுதியாக்கிய ரப்பரில் கந்தகம் இருக்கும், அது உலோகத்தை மங்கச் செய்யும். அந்தக் கறையை முழுதாக எடுக்கப் போனால் நிக்கலும் கூடவே வரும், எனவே விட்டுவிட்டேன்.

சைக்கிள் கயிறு உரசி எஃகு வெளியே தெரிந்த இடங்களுக்கு மட்டும் டானிக் அமிலக் கரைசலைச் சின்னத் தூரிகையால் தொட்டு வைத்தேன். துருவோடு சேர்ந்து நீலம் கலந்த கறுப்பாக மாறி அங்கேயே நின்றுவிடும். பளபளப்பு வராது. ஆனால் நிக்கல் நடுவே அந்தக் கறுப்பு, காவியை விட எவ்வளவோ தேவலை. கடைசியாக மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு, மிக மெல்லிசாக. அருங்காட்சியகங்களில் உலோகத்துக்குப் போடும் அதே மெழுகு. குழாயின் உட்புறத்துக்கு, கார் கதவுகளின் உள்ளே அடிக்கும் துருத்தடுப்பு மெழுகை நீளமான மெல்லிய குழலால் ஓட்டை வழியாகப் பீய்ச்சினோம். பிறகு நாற்காலியை நாலு பக்கமும் புரட்டி வடிய விட்டோம். இதை அவசரமாகச் செய்யக் கூடாது. மிச்ச மெழுகு ஓட்டை வழியாகக் கசிந்து புதுக் கயிற்றில் பட்டால் ரப்பர் ஊறிப்போய்விடும். எண்ணெய்க்கும் ரப்பருக்கும் ஆகாது.

இனி கயிறு. பழைய கயிற்றின் முனையில் கம்பிச் சுருள் ஒன்று கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது, அதன் நீட்சியே கொக்கி. அறுந்து போன கயிறுகளில்கூடச் சில கொக்கிகள் ஓட்டையிலேயே துருவேறி உட்கார்ந்திருந்தன. ஒன்றை எடுத்து, இரண்டு மெல்லிய குறடுகளால் சுருளை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தேன். உள்ளே அரை விரல் நீளத்துக்குக் கயிறு முழுசாக இருந்தது. வெளிச்சம் படாத இடம். வெளியே பழுப்பாகத் தெரிந்த நூல் உறை இங்கே நல்ல கறுப்பு. உறையைப் பிரித்தால் உள்ளே சதுர வெட்டுள்ள மெல்லிய ரப்பர் இழைகள் கட்டாக. அவற்றில் ஒன்றிரண்டுக்கு இன்னும் கொஞ்சம் இழுவை மிச்சம் இருந்தது. பருத்தி நூல், இரண்டு மேல் ஒன்று கீழ் என்று பின்னியது. கயிற்றின் பருமனை வெர்னியரில் அளக்க இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. வெளியே தொங்கிய கயிறு காய்ந்து சுருங்கிவிட்டது, அதை அளந்தால் தப்பாகத்தான் வரும்.

புதுக் கயிறு வாங்குவதில் இரண்டு விஷயம் பார்த்தேன். மேலுறை பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் உறை உழைக்கும், ஆனால் மினுங்கும். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாலே விளையாட்டுச் சாமான் கடை ஞாபகம் வரும். உள்ளே இயற்கை ரப்பர் இழை இருக்க வேண்டும். காற்றில் உள்ள ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும், சில செயற்கை ரப்பர்கள் அதைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் இழுத்து விட்டால் திரும்பும் சுபாவம் இயற்கை ரப்பரில்தான் சரியாக இருக்கிறது, உட்காரும்போது அந்த வித்தியாசம் தெரியும். கறுப்புச் சாயம் கெட்டியானதா என்று ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தேன். பாவாடையில் கறை படிந்தால் அந்த அம்மா நம்மை விட மாட்டார்.

கொக்கிகளில் பழையவை எவை தேறுமோ அவற்றை மறுபடி பயன்படுத்தினேன். துருவை எடுக்க அமிலத்தில் போடவில்லை. கெட்டிக் கம்பி அமிலத்தில் ஊறினால் ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மைக்கு வரலாம். இழுவையில் இருக்கும் கொக்கி பட்டென்று போனால் கண் போய்விடும். எண்ணெயும் தூரிகையும்தான். தேறாதவற்றுக்கு அதே கனமுள்ள எஃகுக் கம்பியில் புதிதாகச் சுற்றினோம். பித்தளைக் கம்பி வளைக்க சுலபம், பார்க்கவும் அழகு. ஆனால் பித்தளையில் இருக்கும் செம்பு இயற்கை ரப்பருக்கு விஷம், தொட்ட இடத்தில் சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் பித்தளை கூடாது. புதுக் கொக்கிகளின் உட்பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி குத்தி வைத்தேன். பின்னால் வருகிறவருக்கு எது பழசு எது புதுசு என்று தெரிய வேண்டும்.

இப்போது முக்கியமான கேள்வி. எவ்வளவு இறுக்கமாகக் கட்டுவது? பட்டறையில் உதவிக்கு இருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி முதல் கயிற்றை மாட்டிவிட்டு, "அண்ணை, இன்னும் கொஞ்சம் இறுக்கினால் தொய்யாது தானே?" என்றான். எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். கட்டில் கயிறு மாதிரி கெட்டியாக இருந்தால் நல்லது என்று தோன்றும். தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

சுலபமான எண்களை எடுத்துக்கொள்வோம். உட்காருகிறவர் 70 கிலோ, தாங்குவது 10 கயிறு, சரிசமமாகப் பங்கு போட்டால் கயிற்றுக்கு 7 கிலோ. இரண்டு பக்கக் குழாய்க்கும் நடுவே 40 செ.மீ. எடை நடுவில் விழுந்து கயிறு அங்கே 8 செ.மீ. தொய்ந்தால், ஒவ்வொரு கயிறும் குழாயை உள்நோக்கி இழுக்கும் விசை கிட்டத்தட்ட 8.75 கிலோ. பத்துக் கயிற்றுக்கும் சேர்த்து 87 கிலோ சொச்சம். இறுக்கிக் கட்டி, தொய்வை 4 செ.மீ. ஆக்கினால்? கயிற்றுக்கு 17.5 கிலோ, மொத்தம் 175. தொய்வு பாதியானால் குழாயின் மேல் இழுவை இரட்டிப்பு. உட்காருகிறவர் அதே ஆள், எடை அதே எடை. ஆக, கெட்டியான இருக்கை வேண்டும் என்றால் அதன் விலையை அந்தக் குழாய்தான் கொடுக்கும். நிஜத்தில் எடை சமமாகவும் விழாது, நடுவிலும் பின்னாலும் உள்ள கயிறுகள்தான் அதிகம் வாங்கும். பழைய குழாய், உள்ளே துரு, போதாததற்கு வரிசையாக ஓட்டை. பக்கக் குழாய்கள் உள்ளே வளைந்துவிட்டால் திரும்ப நிமிர்த்துவது பெரிய பாடு, நிமிர்த்தும்போது முலாம் உரியும். தம்பி தாளைப் பார்த்துவிட்டு, "அப்ப தொய்யிறது தான் டிசைன்" என்றான். அதேதான். இந்த நாற்காலி உடம்பைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும்.

எனவே நீளத்தை அளவுகோலால் முடிவு செய்யாமல் தராசால் முடிவு செய்தோம். மாதிரிக்கு ஒரு கயிற்றைக் கொக்கி போட்டு ஆணியில் மாட்டி, மறுமுனையில் மீன்காரர்கள் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசைக் கோர்த்து, நாற்காலியின் உள் அகலத்துக்கு இழுத்து எண்ணைப் படித்தோம். 9 கிலோவைச் சுற்றி வரும்வரை நீளத்தைக் கூட்டிக் குறைத்தோம். முதுகுக் கயிறுகளுக்கு அவ்வளவு வேண்டாம், அங்கே யாரும் முழு எடையைப் போடுவதில்லை. கணிசமாகக் குறைத்தே வைத்தோம். ஒரே கயிற்றைச் சில நாள் இழுத்தபடி விட்டு மறுபடி படித்தால் எண் குறைந்திருக்கும். ரப்பரின் குணம் அப்படி, முதலில் கொஞ்சம் தளர்ந்து பிறகு நிலைக்கும். அதனால் எல்லாக் கயிற்றையும் வெட்டுவதற்கு முன்பே மொத்தச் சுருளையும் சில தடவை இழுத்துப் பழக்கி, தொங்கவிட்டு வைத்தோம்.

மாட்டும்போது கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் வரக் கூடாது என்பது பட்டறைச் சட்டம். ஒரு முனையை ஓட்டையில் போட்டு, மறு கொக்கியின் கழுத்தில் உறுதியான நூல் வளையம் கோர்த்து, வளையத்தை எதிர்த் திசையில் இழுத்து, கொக்கி ஓட்டைக்கு நேரே வந்ததும் விரலால் உள்ளே தள்ளி, நூலை உருவ வேண்டும். குறடால் பிடித்து இழுத்தால் ஒரு தடவை வழுக்கினாலும் முலாமில் கோடு விழும். குழாயில் பிசின் டேப்பும் ஒட்டவில்லை. உரிக்கும்போது தளர்ந்த நிக்கலும் கூட வரும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து நாடாவாக்கிச் சுற்றி வைத்தோம், அதுவே போதுமான காவல்.

வரிசையாக முன்னாலிருந்து பின்னால் மாட்டிக்கொண்டே போவதில்லை. முதலில் இரண்டு ஓரம், அப்புறம் நடு, அப்புறம் இடைவெளிகள் என்று மாற்றி மாற்றி. ஒரு பக்கமே முதலில் நிரம்பினால் சட்டம் கோணும். ஒவ்வொரு கட்டத்திலும் இரு குழாய்க்கும் நடுவே வெட்டி வைத்த மரக்குச்சியை வைத்துப் பார்த்தோம். குச்சி தொட்டும் தொடாமலும் போக வேண்டும். கடைசிக் கயிறு வரை போனது. தம்பி உட்கார்ந்தபோது மட்டும் லேசாகப் பிடித்தது, எழுந்ததும் விட்டது. சட்டம் மீள்கிறது என்று பொருள்.

ஓட்டையின் கூர் விளிம்பில் கொக்கி உரசாமல் இருக்க இடையில் தோல் துண்டு வைக்கலாமா என்று ஒரு யோசனை இருந்தது. வைக்கவில்லை. பழைய படங்களில் எங்கும் அப்படி இல்லை, தோல் ஈரத்தை வேறு பிடித்து வைக்கும். கொக்கியின் முதுகில் ஒரு துளி மெழுகு மட்டும்.

புதுக் கயிறு மாட்டியதும் நாற்காலி பார்க்கக் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருந்தது. கறுப்பு அப்பட்டமான கறுப்பு, குழாயோ மங்கல். டீத்தண்ணீரில் முக்கிச் சாயத்தைத் தணிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் இஷ்டமில்லை. கயிறு புதுசு என்றால் புதுசாகவே தெரியட்டும். 1929இல் கடையிலிருந்து வந்தபோதும் இந்தக் கறுப்பில்தான் இருந்திருக்கும். பழைய பின்னல், அவிழ்த்த சுருள், உதிர்ந்த ரப்பர் இழை எல்லாவற்றையும் அமிலமில்லாத தாளில் சுற்றி, எந்த வரிசையில் எந்த ஓட்டையிலிருந்து எடுத்தது என்று எழுதி, ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். நாளைக்கு விற்பதாக இருந்தால் அந்தப் பெட்டியும் சேர்ந்தே போக வேண்டும்.

இதே வகையறாவில் வேறு நாற்காலி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1930இல் தோனே நிறுவனம் தயாரிக்க ஆரம்பித்த பெரியாண்ட், லெ கொர்புசியே, பியர் ழான்னெரே மூவரின் சாய்மஞ்சத்திலும் ரப்பர் உண்டு. மேல் சட்டம் வழுக்காமல் இருக்க, அடித்தாங்கியின் குறுக்குக் கம்பியில் ரப்பர் உறை போட்டிருப்பார்கள். அது இறுகிப் பளிங்காகிவிட்டால் மஞ்சம் சறுக்கும். சறுக்குகிறதே என்று அங்கே பசை தடவாதீர்கள். உறையை மாற்றுங்கள்.

அந்த அம்மாவிடம் நாற்காலியோடு ஒரு தாளும் கொடுத்தேன். ஜன்னல் வெயிலும் ஹீட்டர் சூடும் படாத இடத்தில் வைக்கவும். கயிற்றில் எண்ணெய், மெழுகு, பாலிஷ் எதுவும் போட வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் ஓட்டைக்குள் தண்ணீர் போகும், எனவே உலர்ந்த துணி மட்டும். வருடத்துக்கு ஒருமுறை கொக்கிக்குப் பக்கத்தில் பின்னலை விரலால் விலக்கிப் பார்க்கவும். ரப்பரில் குறுக்கே மெல்லிய வெடிப்பு தெரிந்தால் அந்தக் கயிற்றின் காலம் முடிந்தது, அறும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்காக நாற்காலியைப் பட்டறைக்குத் தூக்கி வரவும் தேவையில்லை. நீளம் சரிபார்த்த உதிரிக் கயிறுகளும், இழுத்து மாட்ட நூல் வளையமும் பெட்டியிலேயே இருக்கின்றன. கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கடைசி வரியில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.